லேவியராகமத்து முயல்

உபதேசியார் செல்லமுத்து வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர். தியாகதுருகத்துக்குப் பக்கத்தில், கரும்பு வெட்டுகிறவர்கள் இருக்கும் காலனியில் புதன்கிழமை வேதபாடக் கூட்டம் ஆரம்பித்த அன்றைக்கே, "பைபிள முதல் ஏட்டுலேருந்து கடைசி ஏடு வரைக்கும் ஒரு எழுத்து வுடாம படிப்பேன்" என்று அறிவித்துவிட்டார். யார் கேட்டது? ஒருவரும் கேட்கவில்லை.

ஆதியாகமம் ஓடிய வரை கொட்டகை கொள்ளாத கூட்டம். யோசேப்பை அண்ணன்கள் குழியில் தள்ளிய வாரம், அவன் மேலே வருகிறவரை விடமாட்டோம் என்று உபதேசியாரின் சைக்கிளைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். செங்கடல் பிளந்தபோது விசில் பறந்தது. அப்புறம் தேவனுக்குக் கட்டும் கூடாரத்துக்குப் பலகை எத்தனை, கொக்கி எத்தனை, திரை எத்தனை முழம் என்று வர ஆரம்பித்ததும் ஆள் கரைந்தது. லேவியராகமம் வந்தபோது எதிரில் ஆயம்மாள் ஒருத்திதான். அவளும் உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

இந்த நேரம் பார்த்துத்தானா கள்ளக்குறிச்சியிலிருந்து பாஸ்டர் ராஜாங்கம் சொல்லி அனுப்ப வேண்டும்? அடுத்த புதன் நேரில் வருவாராம். ஆள் இல்லையென்றால் கூட்டத்தை மூடிவிட்டு உபதேசியாரை வெள்ளிமலைக்கு அனுப்புவாராம். காலனி முழுக்க இதே பேச்சு. மலை பஸ்ஸில் முதல் வளைவிலேயே செல்லமுத்துவுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை. அவர் பேச்சை வீட்டில் பெண்டாட்டியே காதில் வாங்கியதில்லை. இங்கேதான் அவர் வாயைத் திறந்தால் நாலு பேர் வாயைப் பிளந்து கேட்டார்கள். அதை விட்டுப் போக அவருக்கு மனசே இல்லை.

சேதி வந்த வாரம் பலி ஆட்டைப் பங்கு போடும் அதிகாரம். கொழுப்பை எரிக்க வேண்டும், வலது தொடை ஆசாரியனுக்கு என்று படித்ததும் ஆயம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"இன்னாது? வலது தொடை பூசாரிக்கா? எங்க வூட்டுக்காரரு இத கேக்கணுமே!"

அவள் வீட்டுக்காரர் பிச்சைமுத்து, கரும்பு வெட்டும் செட்டுக்குத் தலைவர். முன்பெல்லாம் அய்யனார் கோயில் கிடாயை வெட்டுவது அவர்தான். தலையும் தோலும் அவர் பங்கு. கிடாத்தலையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கும்போது அவருக்கு மேல் ஒருத்தன் கிடையாது. ஞானஸ்நானம் வாங்கிய அன்று, "படைச்ச கறிய கையால தொடக்கூடாது" என்று செல்லமுத்து சொல்லிவிட்டார். மனுஷன் தொடவில்லை. ஆனால் அதற்கப்புறம் கூட்டத்துக்கும் வரவில்லை.

கறிப்பங்கு பற்றி வேதத்திலேயே இருக்கிறதென்று தெரிந்ததும் அடுத்த புதன் செட்டையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்குக் கடைசிக் கரும்புப் பாத்தியை வெட்டும்போது உள்ளிருந்து பாய்ந்த முயல்களைச் செட்டு அடித்துப் பிடித்திருந்தது. பாஸ்டர் வருகிறாரே என்று ஆயம்மாள் முயல் குழம்பு வைத்து, சட்டியோடு கொண்டுவந்து கொட்டகை நடுவில் இறக்கினாள். கூட்டம் நெருக்கியது. பாஸ்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. செல்லமுத்து மனசுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே ஏட்டைப் புரட்டினார்.

எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்கிற அதிகாரம். பாவி மனுஷன் முன்கூட்டியே ஒரு தடவை பார்த்திருக்கலாம். கூட்டம் வருமா வராதா என்ற கவலையில் ஏட்டையே தொடவில்லை.

ஒட்டகம் ஆகாது என்று படித்தார்.

"போவட்டும், அத நான் கண்டதே இல்ல" என்றார் பிச்சைமுத்து பெருந்தன்மையாக.

கீழே முயல் வருவது செல்லமுத்துவின் கண்ணில் பட்டது. இருமினார். தண்ணீர் கேட்டார். தாண்டிவிடலாமா என்று பார்த்தால், பாஸ்டர் தன் வேதத்தை விரித்து வரிமேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. முயலும் ஆகாது என்று படித்துவிட்டார்.

எல்லோரும் சட்டியைப் பார்த்தார்கள்.

பிச்சைமுத்து எழுந்தார். "கெடாவ நீங்க புடுங்கனீங்க. மொயல இந்த புஸ்தகம் புடுங்குது. உள்ள இன்னும் இன்னா இன்னா இருக்குதோ! எழுந்திரிங்கடா, போலாம்."

செட்டும் எழுந்தது. செல்லமுத்துவின் கண் முன்னால் வெள்ளிமலை பஸ் வந்து நின்றது.

"உக்காருங்கப்பா" என்றார் பாஸ்டர். அவர் கண்ணும் சட்டியை விட்டு நகரவில்லை. "அது அந்தக் காலத்து யூதருக்கு. நமக்கு இல்ல. பின்னால இயேசுவோட சீஷரு பேதுருவுக்கு வானத்துலேருந்து ஒரு துப்பட்டி நெறைய எல்லா மிருகமும் எறங்குது, அடிச்சி சாப்பிடுன்னு சத்தம் வருது." சொல்லிக்கொண்டே தட்டை நீட்டினார். ஆயம்மாள் ஒரு தொடையாகப் பார்த்துப் போட்டாள்.

"அப்ப அய்யனார் கோயில் கெடா?" என்றார் பிச்சைமுத்து.

"அது வேற."

"எப்பிடிங்க வேற?"

பாஸ்டருக்கு வாய் நிறையத் தொடை. "அதுக்கும் எடம் இருக்குப்பா. பவுல் எழுதியிருக்காரு. கடைசியில வரும்."

"கடைசின்னா எங்க?" என்று ஆயம்மாள் கேட்டாள்.

செல்லமுத்து இன்றைய ஏட்டில் ஒரு விரலையும் அந்த இடத்தில் ஒரு விரலையும் வைத்துத் தூக்கிக் காட்டினார். நடுவில் ஒரு செங்கல் கனத்துக்கு ஏடு.

பிச்சைமுத்து அந்தக் கனத்தை விரலால் அளந்து பார்த்தார். அப்புறம் உட்கார்ந்தார்.

"ஐயா, அந்த எடம் வர்ற வரைக்கும் இவர எங்கயும் அனுப்பக்கூடாது. அது வரைக்கும் நானும் வருவேன், எங்க செட்டும் வரும். என் கெடாத்தல எனக்கு உண்டா இல்லையான்னு தெரிஞ்சாவணும்."

பாஸ்டர் வாயில் இன்னும் தொடை. சரியென்று தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த இடம் செல்லமுத்துவுக்குத் தெரியும். தின்னலாம் என்றும் இருக்கிறது, வேண்டாம் என்றும் இருக்கிறது. ஞானஸ்நானத்தன்று அவர் வேண்டாம் என்ற பாதியைத்தான் சொல்லியிருந்தார். அந்தப் பாதிக்காக ஒரு மனுஷன் தன் கிடாத்தலையையே விட்டிருந்தான்.

ஆயம்மாள் முயல் தலையை எடுத்துப் புருஷன் தட்டில் வைத்தாள். பிச்சைமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"படிங்க உபதேசியாரே. ஒரு எழுத்து வுடக்கூடாது. அடுத்தது இன்னா?"

அடுத்தது பன்றி. செல்லமுத்து மூச்சை இழுத்துக்கொண்டு படித்தார்.