துப்பாக்கித் துளை வைத்த கோழிக்கூடு

எங்கள் நாட்டுக்கும் பக்கத்து நாட்டுக்கும் நடுவே ஒரு காலி நிலம். அதில் இரண்டு தரப்பும் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அதைச் சரிபார்ப்பது என் வேலை. அந்தப் பக்கம் அதே வேலைக்கு ஒரு மேஜர். வாய் ஓயாத மனுஷர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ரேடியோ.

அன்று காலை வானிலிருந்து எடுத்த படம் ஒன்று வந்தது. காலி நிலத்தில், அவர்கள் பக்கத்து ஓரமாக, புத்தம் புதிய பங்கர்! மணல் மூட்டைச் சுவர், மேலே பச்சை வலை, முன்னால் துப்பாக்கி நீட்டத் துளை. தலைநகரில் தாம்தூம் என்று குதித்தார்கள். சாயங்காலத்துக்குள் இது தீராவிட்டால் படை நகரும் என்றார்கள். முதல் வரிசையில் என் தம்பி. மீசைகூட ஒழுங்காக முளைக்காத பயல். ஜீப்பை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

ஜீப்பை விட்டு இறங்கினால், ரேடியோ பேச்சுமூச்சில்லாமல் நிற்கிறார். அதைப் பார்த்ததும் இன்னும் பயமாகிவிட்டது.

"என்ன சார் கட்டி வச்சிருக்கீங்க?"

"நீங்களே பாருங்க மேடம். சொல்லவே வெக்கமா இருக்கு."

குனிந்து துளைக்குள் பார்த்தேன். ஒரு கோழி என்னை முறைத்தது.

"முட்டை ஆசையில எங்க பசங்க கோழி வாங்கிட்டாங்க. ஒருத்தன்கிட்ட கூடு கட்டுடான்னேன். பாவி, அவனுக்குக் கட்டத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். காத்துக்கு ஜன்னல் வைடான்னேன், இதை வச்சிருக்கான்."

சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டேன். ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். "சரி, இப்பவே பிரிச்சிடுங்க."

"அடைகாக்குது மேடம். கலைச்சா அத்தனை முட்டையும் வீணாயிடும். பசங்க என்னைச் சும்மா விடமாட்டாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இங்கே ஒரு போரே அடைகாத்துக்கொண்டிருக்கிறது, இவருக்கு முட்டைக் கவலை! அங்கிருந்தே என் தளபதிக்குப் போன் போட்டேன்.

"கோழிக்கூடா? அது எந்த வகை ஆயுதம்?"

"முட்டை போடுற வகை, ஐயா."

நல்லவேளை, அவர் திட்டவில்லை. சுவர் இறங்க வேண்டும், துளை போக வேண்டும், கோழி இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். ரேடியோவும் நானும் ஆளுக்கொரு பக்கம் மூட்டைகளை இழுத்துப் போட்டோம். கோழியைச் சுற்றிக் கம்பிவலை மட்டும் நின்றது. கோழியோடு படம் எடுத்து அனுப்பி, இருவரும் கையெழுத்துப் போட்டோம். அதற்குள் ரேடியோ பழையபடி பாட ஆரம்பித்துவிட்டார்.

இருட்டும் நேரத்தில் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, பூட்ஸைக் கழட்டச் சொல்லிட்டாங்க. எதுக்கு ஓடச் சொன்னாங்க, எதுக்கு உக்காரச் சொன்னாங்க, ஒண்ணும் புரியல. உனக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியும். ஒரு கோழிக்கூட்டுக்காக இவனை நான் பறிகொடுத்திருப்பேன். மெதுவாக விஷயத்தைச் சொன்னேன்.

விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரிப்பு நிற்கவே இல்லை. நான் போனைக் காதை விட்டு எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.