படிவத்தில் இல்லாத கட்டம்

“ஹார்ட் மிஷின்” என்று எழுதப்போன பிணவறை எழுத்தரின் பேனாவை இறந்தவளின் தங்கை பிடித்துக்கொண்டாள்.

“ஹார்ட் இல்லைங்க. வயிறு.”

அவர் நிமிர்ந்தார். “வயித்துல மிஷினா?”

“வலது பக்கம், தோலுக்கு அடியில. பிஸ்கட் அளவு இருக்கும்.”

தகன அடுப்பில் பேட்டரி வெடிக்கும். அதனால் உடம்புக்குள் வைத்த கருவியை முன்னதாக எடுத்துவிட வேண்டும். படிவம் அதற்குத்தான். அதில் இதயத்துக்கு மட்டும் கட்டம் இருந்தது.

“ஹார்ட்டுன்னே போடுங்க சார்” என்றான் பின்னால் நின்ற அண்ணன். “சொந்தக்காரங்ககிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கேன்.”

“யாரைக் கேட்டுச் சொன்னே?”

“வயித்துக்குக் கரண்டு குடுத்தாத்தான் சாப்பாடு தங்கும்னா எவன் நம்புவான்? சிரிப்பாங்க.”

“நீதான் சிரிச்சே.”

அக்கா தையல்காரி. பதினோரு வருட நோய். இரைப்பை அசையாது; தின்றது அப்படியே கிடந்து வாந்தியாக வரும். முதல் மூன்று வருடம் வீட்டில் அதற்குப் பெயர் நடிப்பு. அண்ணன் வைத்த பெயர். கருவி வைத்த பிறகு ஒரு கிண்ணம் கஞ்சி வயிற்றில் நின்றது. கருவியில் உரசாமலிருக்கத் தன் பாவாடைகளின் இடுப்புப் பட்டியையெல்லாம் இரண்டு விரல் இறக்கித் தைத்துக்கொண்டாள். “என் நடிப்புக்கு இப்ப பேட்டரியும் போட்டாச்சுண்ணா” என்றாள். நேற்றுக் காலை நிமோனியாவில் போய்விட்டாள்.

“வயித்துக்குக் கட்டம் இல்லையேம்மா” என்றார் எழுத்தர்.

“ஓரத்துல எழுதுங்க.”

“விடேன். வெளிய எல்லாரும் காத்திருக்காங்க” என்றான் அண்ணன்.

“இருக்கட்டும். ஹார்ட்டுன்னு போட்டா நெஞ்சைக் கிழிச்சுத் தேடுவாங்க. இல்லாத இடத்துல தேடித் தேடியே அவளைப் பாதி கொன்னாச்சு.”

எழுத்தர் ஓரத்தில் எழுதினார்.

முக்கால் மணி நேரம் கழித்து, கழுவிய கருவியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தார்கள்.

“யார் வாங்கிக்கிறீங்க?”

“அவன்” என்றாள் தங்கை.

அண்ணன் கையெழுத்துப் போட்டு வாங்கினான். சட்டைப் பைக்குக் கொண்டுபோன கை நின்றது. உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

வாசலில் சித்தப்பா எட்டிப் பார்த்தார். “இதுதானா? நெஞ்சுல வெச்சிருந்தது?”

அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவள் அவன் கையிலிருந்த உறையைப் பார்த்தாள்.

அவன் சட்டையை விலக்கி, தன் பெல்ட்டுக்கு மேலே, வலது பக்கத்தில், இரண்டு விரலை வைத்துக் காட்டினான்.