மூன்றாம் மேசைக்காரரின் புகார்கள்

"எத்தனை பேர் மேடம்?" என்று கேட்ட பணிப்பெண், பதிலுக்குக் காத்திராமல் வந்தவளின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. "நான் மட்டும்தான்" என்றாள் அவள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. அந்தச் சின்ன பிரெஞ்சு உணவகத்தில் ஒரு மேசைகூடக் காலியில்லை. ஜன்னலோரம் மட்டும் ஒரு பெரியவர் எதிர் நாற்காலியில் தொப்பியை வைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தார். பணிப்பெண் போய்க் குனிந்து ஏதோ கேட்டாள். பெரியவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், பிறகு தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த உணவகத்துக்குள் அவள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. ஆனால் எந்த நாற்காலி ஆடும், எந்த மூலையில் ஏசிக் காற்று நேராகப் பிடரியில் அடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சாப்பிட்டவர்கள் இணையத்தில் எழுதும் கருத்துகளுக்கு, ஒரு நிறுவனத்துக்காக, உணவக முதலாளிகளின் பெயரில் வீட்டிலிருந்தே பதில் எழுதுவது அவள் வேலை. பன்னிரண்டு உணவகங்கள் அவள் பொறுப்பில் இருந்தன. பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்த வேலை போன பிறகு கிடைத்தது இது. கணவர் விலகிப்போய் ஒன்பது வருடம். வெளிநாட்டிலிருக்கும் மகன், அவள் என்ன அனுப்பினாலும் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவான். ஆக, ஒரு நாளில் அவள் முழு வாக்கியமாக எதையாவது சொல்வதென்றால் அது முன்பின் தெரியாத யாரோ ஒருவரிடம், இன்னொருவர் பெயரில்தான்.

பன்னிரண்டில் இது ஒன்றுதான் அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் காலை உணவையும் மதிய உணவையும் சேர்த்து பிரன்ச் என்று போட்டார்கள். அதைப் பற்றி இரண்டு பேர் ஒரே மாதிரி எழுதி அவள் பார்த்ததில்லை. "முட்டையை வெட்டியதும் மஞ்சள் கரு ஆறாக ஓடியது, சொர்க்கம்" என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுப்பார். அதே முட்டைக்கு அடுத்தவர், "வேகவே இல்லை, ஓடுகிறது" என்று இரண்டு கொடுப்பார். மேசைகள் நெருக்கமாக இருப்பதால் பக்கத்து மேசைக்காரர்களின் வீட்டுச் சண்டையெல்லாம் காதில் விழுகிறது என்று ஒரு பெண் அலுத்துக்கொண்டாள். அந்த நெருக்கத்தில்தான் தனக்கு மாப்பிள்ளை கிடைத்தான் என்று இன்னொருத்தி எழுதினாள். காபியை ஒருவர் கழுநீர் என்றார். ஒருவர் நாலாவது கோப்பைக்கு ஏங்கினார்.

ஆனால் வாரம் தவறாமல் எழுதியவர் ஒருவர்தான். "மூணாம் மேசை" என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர். முப்பத்தெட்டு வாரமாக ஒற்றை நட்சத்திரம்தான். முட்டையின் ஓரம் கருகல், ரொட்டியின் நடுவில் குளிர்ச்சி, கதவு கிறீச்சிடுகிறது. "சென்ற வாரம் மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். மன்னிப்பு முட்டையை வேகவைக்காது" என்று ஒருமுறை எழுதியதைப் படித்து, காலிச் சமையலறையில் அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். கோப்பையின் கைப்பிடி விரல் நுழையாத அளவுக்குச் சிறியது, கை நடுங்குகிறவன் என்ன செய்வான் என்று அவர் எழுதியபோது, அவள் முதலாளிக்குத் தனியாகக் குறிப்பு அனுப்பிப் பெரிய கைப்பிடி வைத்த கோப்பைகளை வாங்க வைத்தாள். திங்கட்கிழமை எழுந்ததும் முதலில் அவர் எழுதியதைத் தேடுவது வழக்கமாகிப்போனது.

வெள்ளிக்கிழமை முதலாளி போனில் கூப்பிட்டார். "மேடம், அந்த மூணாம் மேசைக்கு இனிமே பதில் போடாதீங்க. மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுட்டு ஒத்தை ஸ்டார் போட்டுப் போட்டே நம்ம பேரைக் கெடுக்கறாரு. இந்த வாரம் வரட்டும், நானே நேர்ல சொல்லிடறேன்." சரி என்றுதான் சொன்னாள். இரண்டு நாள் எதிலும் மனம் ஒட்டவில்லை. எதற்குப் போகிறோம் என்று தெரியாமலே, ஞாயிற்றுக்கிழமை நல்ல உடையாக ஒன்றை எடுத்து இஸ்திரி போட்டாள்.

அவள் எதிரே உட்கார்ந்ததும் பெரியவர் காபிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கினார். நடுக்கம் மணிக்கட்டில் தெரிந்தது. சட்டைக் கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தார்.

"முதல் தடவையாம்மா?"

"ஆமா சார். இங்க நல்லா இருக்குமா?"

"நல்லாத்தான் இருக்கும்" என்றார் சர்வசாதாரணமாக. "வெளியில சொல்லிடாதீங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ வீட்டு ரகசியத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். முப்பத்தோரு வருடம் லிஃப்ட் சோதனை அதிகாரியாக இருந்தாராம். "நான் நல்லா ஓடுதுன்னு எழுதின லிஃப்டுக்கு எவனும் திரும்பி வந்ததில்லம்மா. குறை எழுதினாத்தான் ஆள் வருவான், உக்காந்து பேசுவான். இங்கயும் அதே கதைதான். மொத தடவை சாப்பிட்டுட்டு மனசாரப் பாராட்டி ஒரு பக்கம் எழுதினேன். அஞ்சு ஸ்டார். 'நன்றி, மீண்டும் வருக'ன்னு ஒத்தை வரி வந்துது. அடுத்த வாரம் முட்டை லேசாக் கருகியிருந்துது, அதை எழுதினேன். எட்டு வரி பதில். என் உடம்பு எப்படி இருக்குன்னு வரைக்கும் கேட்டிருந்தான்."

அந்த ஒற்றை வரியையும் அவள்தான் எழுதியிருந்தாள். பாராட்டுக்கு ஒரு வரி, குறைக்கு எட்டு வரி என்பது நிறுவனத்தின் கணக்கு. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டது மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லாதது.

"யாரு, முதலாளியா?" என்று கேட்டாள்.

"அவன்தான். எழுத்துல அவ்வளவு பிரியம். நேர்ல பாத்தா முகம் குடுத்துப் பேச மாட்டான். கூச்ச சுபாவம் போல." அவர் சிரித்தார். "நானும் விட்டுட்டேன். எழுதிக்கிட்டாப் போதாதா?"

அவளுக்குத் தட்டு வந்தது. வெண்ணெய் தடவிய ரொட்டியின் மேல் முட்டை. அவள் கத்தியை எடுக்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். எழுந்து போய்விட வேண்டும் என்றும் நினைத்தாள். இரண்டில் ஒன்றைச் செய்வதற்குள் சமையலறைக் கதவு திறந்து, இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டே முதலாளி வந்தார். போனில் கேட்ட குரலுக்கு அவள் கற்பனை செய்து வைத்திருந்ததைவிட ஆள் இளைஞர். தூக்கமில்லாத கண்கள்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வாரத்துல இருந்து நீங்க வேற இடம் பாத்துக்கங்க."

பெரியவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். "ஏன் தம்பி? போன வாரம்கூட எழுதியிருந்தீங்களே, பெரிய கப் வாங்கியிருக்கோம், வந்து பாத்துட்டுச் சொல்லுங்கன்னு."

"அதெல்லாம் நான் எழுதறதில்லங்க. எனக்கு அதுக்கெல்லாம் ஏது நேரம்? ஆள் வச்சிருக்கோம்."

பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. பெரியவரின் கை கோப்பையைத் தேடிப் போய், பிடிக்காமல் மேசை விரிப்பிலேயே நின்றுவிட்டது. அவர் முகத்தில் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்ட ஒருவரின் சங்கடம்தான் அதில் இருந்தது.

"நான்தான் சார் எழுதினேன்" என்றாள்.

முதலாளிக்குக் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது. "மேடம், நீங்களா?" என்றார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"எட்டு வரியும்?" என்று பெரியவர் கேட்டார்.

"ஆமா."

"மீண்டும் வருகன்னு வந்ததே, அது?"

"அதுவும் நான்தான்."

அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். தொப்பியைத் தலையில் வைத்தார், நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினார், யாரையும் பார்க்காமல் வெளியே போனார். முதலாளி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நிறுவனம், விதிமுறை என்ற சொற்கள் மட்டும் காதில் விழுந்தன. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

தெருமுனையில், சாலையைக் கடக்கிற இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். அவள் இரண்டடி தள்ளி நின்றாள். அவர் திரும்பாமலே கேட்டார்.

"ஒரு பதிலுக்கு எவ்வளவு நேரம் குடுப்பாங்கம்மா?"

"நாலு நிமிஷம்."

"ஓ" என்றார். "எனக்கும் அதானா?"

"உங்களுக்குத் திங்கக்கிழமை காலை முழுக்க ஆகும்."

எதிர்ப்புறம் பச்சை விளக்கு எரிந்தது. குழந்தை வண்டியைத் தள்ளியபடி ஒரு தம்பதி கடந்தார்கள், பூங்கொத்து வைத்திருந்த ஒருவன் ஓடிக் கடந்தான். விளக்கு சிவப்பானது. வண்டிகள் கிளம்பின. நடைபாதையின் விளிம்பில் அவர்கள் இருவரும், நடுவே இரண்டடி இடைவெளியுடன், அதே இடத்தில் நின்றார்கள். திரும்பவும் பச்சை எரிந்தது.