அக்காள் வைக்க வேண்டிய பூ

வெள்ளிக்கிழமை தங்கை மாதம்மாவுக்குப் பூ வைக்க வேண்டும், தன் புருஷனுக்கே இரண்டாந்தாரமாக. கொள்ளேகாலில் அப்பா வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டவளும் சித்தம்மாதான். அந்நியத்தி வந்தால் தன்னை அடுப்படியோடு ஒதுக்கிவிடுவாள், கூடப் பிறந்தவள் பெற்றால் அந்தப் பிள்ளை தன்னையும் அம்மா என்று கூப்பிடும் என்று நினைத்தாள். எட்டு வருஷமாக மைசூரில் ஒரு கோயில் பாக்கி வைக்காமல் சுற்றியவள் வேறு எப்படித்தான் நினைப்பாள்? ஆனாலும் மனசு கேட்கவில்லை. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாமென்று பெண்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

படம் பிடித்துப் பார்த்த டாக்டர் செலின் மெதுவாகத்தான் சொன்னார். "கருக்குழாய் ரெண்டும் வீங்கி, உள்ளே தண்ணி கட்டி நிக்குதும்மா. முனை அடைச்சுப் போச்சு. கரு தங்க வழியில்லை."

"மருந்துல வத்தாதுங்களா? அறுத்துப் பாருங்க. உசுரு போனாலும் போகுட்டுங்க."

"அறுத்தாலும் வழி திறக்கும்னு என்னால சொல்ல முடியாது. கல்யாணமான புதுசுல காய்ச்சலும் அடிவயித்து வலியும் வந்துதா?"

வந்தது. அதற்குச் சில நாள் முன்னால் புருஷன் ரத்தினசாமிக்கு நீர்க்கடுப்பு. நூல்கடையில் உட்கார்ந்தே இருந்தால் சூடு பிடிக்காதா என்றான். வீடே நம்பியது. சித்தம்மாவும் வேளை தவறாமல் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். அதையெல்லாம் இப்போது டாக்டரிடம் சொன்னாள்.

"அது சூடில்லை. உன் புருஷன் வெளியே போய் வாங்கிட்டு வந்து உனக்கும் கொடுத்த நோய்" என்றார் டாக்டர்.

மண்டி மொஹல்லாவில் இருந்த வீட்டுக்கு நடந்தே திரும்பினாள். ஜட்காக்காரன் போட்ட சத்தம்கூடக் காதில் விழவில்லை. மாமியார் முதல் பால்காரி வரை மலடி என்றபோதெல்லாம் குனிந்த தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது. அதைவிடப் பெரிய பயம் மாதம்மாவைப் பற்றி. அந்தச் சின்னப் பெண்ணுக்கும் இதே கதி வந்தால்?

மூத்தவள் தன் கையால் பூ வைத்தால்தான் இளையவள் அந்த வீட்டுக்குள் வரலாம். அது அவர்கள் வழக்கம். வெள்ளிக்கிழமை உறவுக்காரர்கள் சுற்றியிருக்க, மாதம்மா மணையில் உட்கார்ந்திருந்தாள்.

"வெய்யி அம்மிணி, நேரமாச்சு" என்றார் அப்பா கரியப்பன்.

"வெக்க மாட்டனுங்க."

பொறாமை என்று யாரோ முணுமுணுத்தார்கள். மாதம்மாகூட முறைத்தாள். இனி வெட்கப்பட்டு என்ன ஆகப் போகிறது?

"எனக்குப் புள்ள இல்லாதது என் குத்தமில்லீங்கப்பா. இவரு கொண்டாந்த சீக்கு. என் கருக்கொழா ரெண்டும் அடைஞ்சு போச்சுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நாளைக்கு இவளுக்கும் அதேதானுங்க."

கரியப்பன் மருமகனைப் பார்த்தார். "நெசமா மாப்ள?"

ரத்தினசாமி கோபப்படவில்லை. ஆறுதல் சொல்கிறவன் போலச் சிரித்தான். "அதெல்லாம் அப்பவே பெங்களூர் போயி ஊசி போட்டுச் செரி பண்ணிட்டனுங்க மாமா. இப்ப எனக்கு ஒண்ணுமில்லீங்க."

"அப்பறமென்ன?" கரியப்பனுக்கு மூச்சு வந்தது. "பூவை வெய்யி."

மாதம்மா மணையை விட்டு எழுந்து ரத்தினசாமி முன்னால் போய் நின்றாள். "அக்காளுக்கு ஏனுங்க மாமா ஊசி போடுல?"

கரியப்பன் பூத்தட்டைத் தள்ளி வைத்தார். தங்கை தப்பினாள். ஆனால் சித்தம்மாவுக்குச் சந்தோஷப்படத் தெம்பில்லை. வலியில் சுருண்டு கிடந்தவளின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, என்ன நோய் என்று தெரிந்தும் அவன் சொல்லாமல் இருந்திருக்கிறான். அவள் அந்த வெறும் மணையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.