அதலக்காய்க் குழம்புக்கு ஒரு தராசு

தராசு சங்கையாவைத் தெரியாத ஆள் எம்.ரெட்டியபட்டி சுத்துவட்டாரத்தில் கிடையாது. வரப்புத் தகராறா, பங்காளிச் சண்டையா, கூப்பிடு அவரை. கூடப்பிறந்த தம்பிக்கு எதிராகவே வரப்பைத் தள்ளிப்போடச் சொன்ன மனுசன். அந்தப் பேர்தான் அவருக்குச் சொத்து, கரிசல் காடெல்லாம் அப்புறம்தான். அப்பேர்ப்பட்டவர் ஒரு குழம்புச் சட்டியில் தலைகுப்புற விழுந்த கதையைக் கேளுங்கள்.

பொங்கலுக்கு மகளிர் குழுக்காரர்கள் அதலக்காய்ப் புளிக்குழம்புப் போட்டி வைத்தார்கள். மழை பெய்தால் கரிசலில் தானாக முளைக்கிற கொடி அதலை. காய் விரல்கடைதான் இருக்கும், கசப்பு ஊரளவு இருக்கும். நுனியைக் கிள்ளி முழுசாகப் போட வேண்டும், நறுக்கினால் போச்சு. நடுவர் யார்? தராசை விட்டால் வேறு யார்!

வினை என்னவென்றால், அவர் சம்சாரம் கருத்தம்மாளும் பேர் கொடுத்துவிட்டாள்.

"அடியே, வேணாம். உனக்குப் பரிசு குடுத்தா ஊரு சிரிக்கும். குடுக்காட்டி நீ சோறு போட மாட்ட."

"பரிசு யாருக்கு வேணும்? இத்தன வருசம் வடிச்சுக் கொட்டியிருக்கேன், நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்த உங்க வாயிலருந்து வந்துருக்கா? அந்த ஒத்த வார்த்தைக்குத்தான் வைக்கேன். பயமாயிருந்தா கண்ணக் கட்டிக்கிட்டு வாங்க."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் "எங்காத்தா வச்ச மாதிரி இல்லையே" என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சு வராது.

நிஜமாகவே கண்ணைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தார் சங்கையா. மைக் பிடித்த மாரிசெல்வம் அவர் துண்டாலேயே இறுக்கிக் கட்டிவிட்டான். சட்டிகளில் பேர் இல்லை, நம்பர்தான்.

முதல் ரெண்டும் சுமார். மூணாவது நாக்கில் பட்டதும் ஆளைத் தூக்கிவாரிப் போட்டது. வறுத்த வெந்தயம், கடைசியாகத் தட்டிப்போட்ட கருப்பட்டி... அட, இது நம்ம வீட்டுக் குழம்பு! கருத்தம்மா கையேதான். நல்லாத்தான் இருந்தது. ஆனால் குழம்பு நல்லாயிருக்கிறதா, பழகின நாக்கு அப்படிச் சொல்கிறதா? பெண்டாட்டி என்று மனசு சாய்கிறதோ? அவருக்கு வேர்த்துவிட்டது. எதுக்கு வம்பு என்று பத்துக்கு அஞ்சு போட்டார். பாவம் என்று இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

நாலாவது சட்டி. எள்ளை வறுத்து அரைத்துவிட்ட குழம்பு. கருப்பட்டி போட்டுக் கசப்பை மறைக்கவில்லை. கசப்பு பாட்டுக்குக் கசப்பாக இருந்தது, பின்னாலேயே எள்ளு மணம் வந்து அதைத் தாங்கிக்கொண்டது. சங்கையா போட்டியையே மறந்துவிட்டார்.

"ஏலே மாரி, இன்னொரு அகப்பை ஊத்துலே! யாரு பெத்த மகராசியோ, இந்தக் கைக்குத் தங்கக் காப்புத்தான் போடணும்! பத்துக்குப் பத்து!"

மைக்கில் ஊர் முழுக்கக் கேட்டது. கட்டை அவிழ்த்தார்கள். மாரிசெல்வம் சீட்டைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

"நாலாம் நம்பர்... நம்ம கருத்தம்மா அத்தை!"

"தராசு சாஞ்சிருச்சுடோய்!" என்று ஒரே கூச்சல். சங்கையா சீட்டைப் பிடுங்கிப் பார்த்தார். அப்போ அந்த மூணாவது?

அது பக்கத்து வீட்டு ஈஸ்வரி. முந்தானையைச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள்.

"என்னண்ணே இது? உங்க வீட்டு அடுப்படியில நின்னு மதினி பக்குவத்தப் பாத்துப் பாத்து அச்சு அசலா வச்சேன். பழகுன ருசி, அள்ளிப் போடுவீகன்னு பாத்தா அஞ்சுதானா?"

உண்மையைச் சொன்னால் ஈஸ்வரிக்குச் செய்த அநியாயம் வெளியே வரும். சொல்லாவிட்டால் பெண்டாட்டிக்குச் சாய்ந்தவன் என்ற பேர் சாகிறவரைக்கும் போகாது. சங்கையா மைக்கை வாங்கினார்.

"ஈஸ்வரி, உன் சட்டிய என் பொண்டாட்டி சட்டின்னு நெனச்சுட்டேன்மா. அதான் கொறச்சேன். நியாயமாப் பாத்தா எட்டு போட்டிருக்கணும். என் தப்புத்தான்."

கூட்டம் ஒரு நொடி முழித்தது. அப்புறம் சிரித்தது பாருங்கள், பந்தலே ஆடியது.

"அப்பக் கண்ணக் கட்டுனது பத்தாது, நாக்கையும்ல கட்டியிருக்கணும்!" என்றாள் ஈஸ்வரி. அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"நாக்கக் கட்டிட்டு எதை வச்சுத்தா ருசி பாக்குறது?" என்றார் சங்கையா.

ரெண்டாம் பரிசை ஈஸ்வரிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். முதல் பரிசாகக் கிடைத்த பிரஷர் குக்கரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கருத்தம்மாள் நடக்க, சங்கையா கூடவே ஓடினார்.

"யார் பக்குவத்துலடி வச்ச? என்னைய ஏமாத்தவா?"

"என் பக்குவம். திருச்சுழியில எங்க வீட்டுல நான் வச்ச குழம்பு. கல்யாணமாகி வந்ததும் மொதமொத அதத்தான் வச்சேன். 'எங்காத்தா வச்ச மாதிரி இல்ல'ன்னு தட்டத் தள்ளுனீக. அன்னையிலருந்து உங்காத்தா குழம்பத்தான் வச்சுக்கிட்டு வாரேன். அதுக்கும் ஒரு வார்த்த சொன்னதில்ல."

சங்கையா நடுத்தெருவில் நின்றுவிட்டார். அவள் கை என்று இத்தனை வருசமாக அவர் நினைத்தது அவள் கையே இல்லை. கண் கலங்கியது, கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது.

"நாளைக்கும் இதையே வை கருத்தம்மா. நல்லாயிருக்கு. ரொம்ப நல்லாயிருக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள். "இதத் தராசு சொல்லுதா, எம் புருசன் சொல்றாகளா?"

சங்கையா யோசித்தார், நிஜமாகவே யோசித்தார்.

"தெரியலயே தாயி!"

கருத்தம்மாள் சிரித்த சிரிப்பில் குக்கர் மூடி கழன்று தெருவில் உருண்டது. தராசுதான் ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.