நான்காவது பாட்டின் இருட்டு

அந்தக் கேசட்டை எங்கே போட்டாலும், இரண்டாம் பக்கத்து நான்காவது பாட்டின் நடுவில் அந்த வீட்டில் கரன்ட் போய்விடும். பகலில் போட்டால் ஜன்னல் வெளிச்சமும் சேர்ந்து போகும். வெளியே வெயில் தன்பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருக்க, உள்ளே கரியை அப்பியது போல இருட்டு. ஃபேன் நிற்கும், ஃபிரிட்ஜ் ஒருமுறை விக்கிவிட்டு அடங்கும், டேப் ரெக்கார்டர் மட்டும் எந்தக் கரன்டில் என்று யாருக்கும் சொல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். பாட்டின் கடைசி வரியில் எல்லாம் திரும்பி வந்துவிடும். மின்வாரியத்திலிருந்து மூன்று தடவை ஆள் வந்து பார்த்தார்கள். முதலில் வந்தவர் வயரிங் பழசு என்றார், அடுத்து வந்தவர் வயரிங் புதுசு என்றார், மூன்றாமவர் ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அதைப் பதிவு செய்தவள் பல்செட் செய்கிற பெண். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு வைத்து, ஊரார் சிரிப்பையெல்லாம் தட்டில் வரிசையாகக் காயவைப்பது அவள் வேலை. ராக் கச்சேரிகளைக் கள்ளத்தனமாகப் பதிவு செய்து பரிமாறிக்கொள்ளும் கூட்டத்தில் சின்ன வயசிலேயே அவளுக்கு நல்ல பெயர் இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: பதிவு செய்கிறவர் பாடக்கூடாது, கைதட்டக்கூடாது, பக்கத்தில் நிற்பவர் காலை மிதித்தாலும் முனகக்கூடாது. எல்லாரும் தலையைப் பிய்த்துக்கொண்டு ஆடும்போது அவள் மட்டும் ஸ்கார்ஃப் நுனியைக் கடித்தபடி, பல் பிடுங்க வரிசையில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி இருப்பாள். அத்தனை கச்சேரி கேட்டும் ஒரு வரிகூட வாய்விட்டுப் பாடாதவள் அவள் ஒருத்திதான்.

அந்தக் கேசட் பதிவான அன்றைக்கு ரெக்கார்டர் அரங்கத்துக்குள் போனது அவள் அக்காவின் தோல்பையில். அக்கா பஸ் கண்டக்டர். டூட்டி முடிந்து யூனிஃபாரத்தோடும் பையோடும் நேராக அரங்கத்துக்கு வந்துவிட்டாள். எல்லார் பையையும் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்த வாசல் காவலர்கள் அவளைக் கண்டதும், பழக்கதோஷத்தில், சில்லறை இருக்கிறதா என்று தங்கள் பாக்கெட்டைத்தான் தடவினார்கள்.

“வாயத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு” என்றாள் தங்கை.

“உங்க ஆளு போடற கூச்சலுக்கு நான் ஏண்டி வாயத் திறக்கப் போறேன்? உக்கார இடம் இருக்கான்னு சொல்லு. காலையிலேருந்து நின்னுட்டே இருக்கேன்.”

மேடையேறிய குழுவில் நான்கு பேர். பாடுகிறவருக்கு ரசிகர்கள் வைத்த பெயர் பிடரி, தலைமயிர் அப்படி. யாருக்கும் அஞ்சமாட்டோம் என்பதை விதவிதமாகச் சொல்வதே அவர்கள் பாட்டு. நான்காவது பாட்டு ஒரு கதவைப் பார்த்துச் சவால் விடுவது: ‘தட்டமாட்டோம், கதவே, தள்ளி நில்.’ தள்ளி என்ற சொல்லில் கரன்ட் போனது. இருட்டில் ஒளிர்ந்த ஒரே இடம் மேடைக்குப் பின்னால் எமர்ஜென்சி விளக்கு இருந்த அறை. அங்கே முதலில் போய்ச் சேர்ந்தவர் பிடரிதான் என்று டிரம்ஸ் வாசித்தவர் பின்னாளில் சொன்னார். தான் இரண்டாவது என்பதையும் அவர் மறைக்கவில்லை. கீழே ஆறாயிரம் பேர். யாரோ அலறினார்கள், யாரோ விழுந்தார்கள், கூட்டம் கதவுப் பக்கம் சாயத் தொடங்கியது. அப்போதுதான் அக்கா, நெரிசல் பஸ்ஸில் கடைசி சீட்டுவரை கேட்கிற குரலில், “யாரும் நகராதீங்க, அப்படியே கம்பியப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க” என்றாள். அந்த அரங்கத்தில் கம்பி எதுவும் கிடையாது. ஆனாலும் ஆறாயிரம் பேரும் கையை மேலே தூக்கி எதையோ பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிடித்தது கம்பிதான், சில்லென்று இருந்தது என்று வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். நின்ற கூட்டம் மறுபடி சாய்ந்துவிடக் கூடாதே என்று, அறுந்த வரியிலிருந்து அக்கா பாட்டை எடுத்தாள். பதிவு கெட்டதே என்ற ஆத்திரத்தில் தங்கை அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். ‘ஸ்ஸ்’ என்றுவிட்டு அக்கா தொடர்ந்தாள். அரங்கமே சேர்ந்துகொண்டது. கடைசி வரியில் கரன்ட் வந்தபோது பிடரி மேடை நடுவில் கையை விரித்து நின்று கைதட்டலை வாங்கிக்கொண்டிருந்தார்.

“கேசட்டையே கெடுத்துட்ட” என்று தங்கை ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை.

“நல்லா பாடினேனா இல்லியா, அதச் சொல்லு.”

“அது இல்லக்கா பிரச்சினை.”

“அப்ப நல்லா பாடியிருக்கேன்.”

கேசட் ஊர் ஊராகப் போனது. காசு வாங்குவதில்லை, ஒரு காலிக் கேசட் கொடுத்து ஒரு நகல் வாங்கலாம், வாங்கியவர் இரண்டு பேருக்குக் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது தான் அன்று எங்கே நின்றேன் என்று சொல்ல வேண்டும். இப்படிச் சொல்லிச் சொல்லியே அந்த அரங்கம் பெரிதாகிக்கொண்டு போனது. அன்று தொட்டிலில் கிடந்தவர்களெல்லாம் முதல் வரிசையில் நின்றதாகச் சொன்னார்கள். நகலுக்கு நகல் இருட்டும் மாறியது. முதல் நகலில் தன் கை தனக்குத் தெரியாது. நகலின் நகலில் இருட்டு சாம்பல் பூத்திருக்கும். ஐந்தாறு கை மாறியதில் பேப்பர்கூடப் படிக்கலாம். நல்ல இருட்டு வைத்திருப்பவர்கள் மங்கல் இருட்டு வைத்திருப்பவர்களோடு சம்பந்தம் பேசத் தயங்கினார்கள். கேசட் போய் ஃபைல் வந்தபோது இருட்டு கொஞ்சம் கட்டம் கட்டமாக வந்தது, அவ்வளவுதான். அந்த ‘ஸ்ஸ்’ பற்றி ஒரு பேராசிரியர், அது ஒரு தலைமுறையின் ஆன்மா கிழிபடும் ஓசை என்று எழுதினார். தங்கையோ ஒவ்வொரு நகலையும் கொடுக்கும்போது, “நடுவுல ஒரு பொண்ணு கத்தும், மன்னிச்சுக்குங்க” என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

பிறகு அக்காவின் தொண்டையில் கட்டி வந்து, டாக்டர்கள் குரல் நாண்களை எடுத்துவிட்டார்கள். மூச்சு மிஞ்சியது, குரல் போயிற்று. அக்கா அலமாரியிலிருந்து கண்டக்டர் விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டை நடத்தினாள்: ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. சண்டை போடுவதற்கே அது போதுமானதாக இருந்தது. வீடு திரும்பிய வாரம் தங்கை கேசட்டைப் போட்டாள். இருட்டு வந்தது, அக்காவின் குரலும் வந்தது. அவள் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனி அது இருக்கிற இடம் இந்த நாடா மட்டும்தான் என்பது இருவருக்கும் தெரிந்தது. அதற்குப் பின் யாருக்கு நகல் கொடுத்தாலும், பெண் கத்துவதற்காகத் தங்கை மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இசைக் கம்பெனி, அந்தக் கச்சேரியைத் திருத்திய சிறப்புப் பதிப்பாக வெளியிடப்போவதாக அறிவித்தது. இருட்டில் தவித்த ஆயிரங்களைத் தன் குரல் ஒன்றாலேயே கட்டிக் காத்தவர் பிடரி என்று சுவரொட்டி சொன்னது. தான் மேடையைவிட்டு ஓரடி நகரவில்லை என்று பிடரியும் பேட்டிகளில் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே நம்பிவிட்டார். விடுபட்ட பகுதியை ஸ்டுடியோவில் புதிதாகப் பாடினார். அவர் பல்லெல்லாம் ஆட்டம் கண்டிருந்ததால், பிடுங்குவதற்கு முன் எடுத்த வாய் அச்சு அதற்கு முன்பே ஒரு டாக்டர் மூலம் தங்கையின் மேஜைக்கு வந்தது. அச்சோடு பெயர் வராது. ஆனால் அந்த முன்பல் இடைவெளியைப் படுக்கைக்கு மேலே போஸ்டரில் பார்த்து வளர்ந்தவளுக்குப் பெயர் எதற்கு? “மேல் வரிசையக் கொஞ்சம் கோணலா வச்சுடட்டுமாக்கா?” என்று கேட்டாள். அக்கா ஒரு விசில் கொடுத்தாள். பல்செட் பிரமாதமாக அமைந்தது.

கம்பெனி வக்கீல் வீட்டுக்கு வந்தார். மூலக் கேசட்டை ஒப்படைக்க வேண்டும், சுற்றில் இருக்கும் நகல்களைத் திரும்பப் பெற வேண்டும், மறுத்தால் வழக்கு என்றார்.

“புதுப் பதிப்புல அந்தப் பொண்ணு பாடறது இருக்குமா?” என்றாள் தங்கை.

“எந்தப் பொண்ணு? ஓ, அந்த இரைச்சலா? அதையெல்லாம் சுத்தமா எடுத்தாச்சும்மா. குடுத்துட்டீங்கன்னா விழாவுல முதல் வரிசையில உக்காரலாம்.”

அந்த இரைச்சல் அவருக்கு எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது. அது இரண்டு விசில் கொடுத்தது. வக்கீலுக்கு அர்த்தம் புரியவில்லை, கால்களுக்குப் புரிந்தது. தெருமுனைக்குப் போய்த்தான் அவரால் நிற்க முடிந்தது.

வெளியீட்டு விழா அதே அரங்கத்தில் நடந்தது. வாசலில் ரசிகர்களின் போன், டேப், எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டிவைத்தார்கள். நரைத்த தலையோடு யூனிஃபாரமும் தோல்பையுமாக அக்கா வந்தபோது, காவலர்கள் பாக்கெட்டைத் தடவினார்கள். பையில் பழைய டேப் ரெக்கார்டரில் மூலக் கேசட். பழக்கம் விடுமா, பதிவு செய்வதற்கு இன்னொரு ரெக்கார்டரும். தங்கை ஸ்கார்ஃப் நுனியைக் கடித்துக்கொண்டாள். முதலில் மூன்று பேர் இசையின் மகத்துவம் பற்றிப் பேசினார்கள். மூவரும் அன்று முதல் வரிசையில் நின்றவர்கள். பிறகு சிறப்புப் பதிப்பை ஒலிக்கவிட்டார்கள். தள்ளி என்ற சொல் வந்தது, பளிங்கு மாதிரி பிடரியின் குரல் தொடர்ந்தது, விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டே இருந்தன. இப்படி ஆகலாம் என்று எதிர்பார்த்து சுவிட்சை அணைக்கக் கம்பெனி ஓர் ஆளை வைத்திருந்தது. அவர் பதற்றத்தில் ஏசியை அணைத்துவிட்டார். கூட்டம் விசிறிக்கொள்ளத் தொடங்கியது.

தங்கை பைக்குள் கைவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

மூலக் கேசட்டின் இருட்டை அதுவரை அந்தக் கூட்டத்தில் வேறு யாரும் பார்த்ததில்லை. நகலின் சாம்பலெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. ஸ்பீக்கர்கள் வாயடைத்தன, மேடையில் மைக் செத்தது; பைக்குள்ளிருந்து இளவயது அக்கா, யாரும் நகராதீங்க என்றாள். கைகள் மேலே போயின. கம்பி அங்கேதான் இருந்தது, சில்லென்று. அவள் பாட்டை எடுத்தாள். ‘ஸ்ஸ்’ வர வேண்டிய அந்த இடத்தில், பக்கத்தில் நின்ற வயதான அக்கா கையை நீட்டித் தங்கையின் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். இத்தனை வருஷப் பாக்கியும் அந்தக் கிள்ளில் இருந்தது. ஸ்கார்ஃப் வாயிலிருந்து விழுந்தது. திறந்த வாயை மூடத் தோன்றாமல், ஒரு ரெக்கார்டர் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே, தங்கை பாடினாள். மகா மட்டமான குரல், சுருதி ஒரு தெரு தள்ளி நின்றது. ஆனால் உரக்கப் பாடினாள், கூட்டமும் அவளுக்குப் பின்னால் போனது. அக்கா உதட்டை மட்டும் அசைத்தாள். அதற்கான குரல் பையிலிருந்து வந்தது. இரண்டும் துளி பிசகவில்லை.

கடைசி வரியில் வெளிச்சம் வந்தபோது பிடரி மேடை நடுவில் கையை விரித்து, தங்கை செய்த பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். ஆனால் பின்னறைக் கதவு ஆடிக்கொண்டிருந்தது. இருட்டியதும் கால்கள் பழைய வழியில் அவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தன. ஒருவரும் கைதட்டவில்லை. எல்லாரும் தோல்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா இரண்டு விசில் கொடுத்தாள். கூட்டம் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கியது.

கம்பெனி போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. சாட்சியமாகக் கேசட்டைப் போடும்போதெல்லாம் கோர்ட்டில் இருட்டிவிடுவதால் தீர்ப்பு எழுத வெளிச்சம் போதவில்லை. அன்றைய புதுப் பதிவு இப்போது கைமாறிக்கொண்டிருக்கிறது. அதன் இருட்டு பழையதைவிடக் கெட்டி என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். மின்வாரியம் ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. கேசட்டே இல்லாமல் சாதாரணமாகக் கரன்ட் போகிற நாட்களிலும் அந்த நகரத்தில் யாரும் மெழுகுவத்தி தேடுவதில்லை. ஒரு கையை மேலே தூக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அறுந்த வரியிலிருந்து பாடத் தொடங்குகிறார்கள், தங்கையின் சுருதியில், அதுதான் சரியான சுருதி என்று.