மறுபக்கத்துப் பிடி

கரண்டியால் ஊட்டிய பால் கடைவாயில் வழிந்தது. துடைக்க யசோதினி குனிந்தாள். அப்பாவின் வலது கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்து, அவள் தோளில் பட்டு, அவளைத் தள்ளியது.

பலமில்லாத கைதான். ஆனால் காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை. அவள் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட்டுக் கதிரையைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.

அவள் வாழ்க்கைப்பட்ட தெல்தெனியவிலிருந்து அப்பா வீடிருக்கும் மஹய்யாவவுக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் ஆகும். அந்த ஒரு மணித்தியாலத்தை அவள் பன்னிரண்டு வருடமாகக் கடக்கவில்லை. நேற்று அம்மா போன் எடுத்து, "அப்பாவ வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க ஆஸ்பத்திரியில" என்றாள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

அப்பா ராஜலிங்கம் மரம் வெட்டுகிறவர். நீர்த்தேக்கம் நிரம்புவதற்கு முன் தெல்தெனியப் பள்ளத்தாக்கில் நின்ற மரங்களை வெட்டி லொறியேற்றிய கூட்டத்தில் அவரும் ஒருவர். பிறகு பன்வில மலைகளில் கொந்தராத்து வேலை. பிறகு அரசாங்கம் மரம் வெட்டத் தடைபோட்டுக் காட்டை மூடிவிட்டது. அதுவரை வேலையாக இருந்தது அதற்குப் பின் குற்றமாகிப் போனது. அவருக்கு அது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள அவர் விரும்பவும் இல்லை. அறுபது வயதில், வெட்டிய மரத்தோடு பிடிபட்டார். பிடித்தவன் காட்டுக் காவலன் ரவிகுமார். தவணைக்குத் தவணை அப்பாவோடு கோர்ட்டுக்குப் போய்வந்த யசோதினி, வழக்கு முடிந்த கையோடு அவனையே கல்யாணம் செய்துகொண்டாள்.

"என்னையப் புடிச்சவனுக்குப் பொண்டாட்டியா போறவ இந்த வாசல மிதிக்கக்கூடாது" என்றார் அப்பா. அவள் மிதிக்கவில்லை.

பக்கத்து வீட்டு றம்லத் தேத்தண்ணியோடு உள்ளே வந்தாள்.

"இதக் குடிங்க புள்ள. எங்க, மாப்புள வரல்லயா?"

"வேலையில நிக்கிறாரு ராத்தா."

"காட்டுலயா? தான் இல்லாட்டி மரமெல்லாம் எழும்பி ஓடிரும்னு காவல் ஈக்கிறாராக்கும்."

யசோதினிக்குச் சிரிப்பு வரவில்லை. கோப்பையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். கை மறுபடியும் போர்வைக்கு மேலே வந்தது. முன்னால் நீண்டது.

"பார்த்தீங்களா? என்னையப் போகச் சொல்றாரு."

"மவுத்தாகிற நேரம் கை கால் அப்படித்தான் புள்ள."

"இல்ல. நான் கிட்டப் போனா தள்ளுறாரு. நான் இருந்தா நிம்மதியா கண்ண மூடமாட்டாரு." அவள் எழுந்து கைப்பையை எடுத்தாள். "பன்னெண்டு மணி பஸ்ஸுக்குப் போயிடுறேன்."

குசினியிலிருந்து வேலாயி ஈரத்துணியோடு வந்தாள். மகளின் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"தள்ளுறாரும்மா."

வேலாயி கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள். கீழே ரோட்டில் ஒரு முச்சக்கரவண்டி ஏற்றத்தில் முனகிக்கொண்டு போனது. அப்பாவின் விரல்கள் எதையோ பற்றியதுபோல மடங்கின. கை மெல்ல அவருடைய நெஞ்சுவரை வந்தது. பிறகு பிடி தளர்ந்து முன்னால் போனது.

"தள்ளுறத மட்டும் பார்த்தியே, அதுக்கு முந்தி இழுக்கிறதப் பார்க்கலியா?" என்றாள் வேலாயி.

யசோதினி பார்த்தாள்.

"ஒங்க சித்தப்பா இந்தியாவுக்குப் போன பொறகு, ரெண்டு பேரு புடிச்சு மரம் அறுக்கிற வாளுக்கு மறுபக்கம் ஆளில்ல. நாந்தான் புடிச்சேன். நீ வயித்துல இருந்தப்பக்கூட. பெரிய மரம்னா அந்தப் பக்கம் நிக்கிறவரு மொகமே தெரியாது. நடுவுல மரம். தன் பக்கம் இழுத்துட்டு, கைய லேசா முன்னால விட்டுருவாரு. ஒன் மொற, இழுன்னு அர்த்தம். வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு."

"அது தள்ளுறதுதானேம்மா."

"தள்ளுனா வாள் மடங்கிரும்டி. கையால அவரு யாரையும் தள்ளுனதில்ல." வேலாயி துணியை மடித்தாள். "வாயால தள்ளுனாரு. அது வேற."

றம்லத் தலைகுனிந்துகொண்டாள்.

"அப்ப நீங்க புடிங்கம்மா. ஒங்களத்தான் தேடுறாரு."

"நேத்துலருந்து நாந்தான் இழுக்குறேன். தோளு விட்டுப்போச்சு." வேலாயி எழுந்து நின்றாள். "நீயாப் புடிப்பேன்னு பார்த்தேன்."

யசோதினி பையைக் கீழே வைத்தாள். அம்மா எழுந்த இடத்தில் உட்கார்ந்தாள். முன்னால் நீண்டிருந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிடித்தாள். உள்ளங்கை இன்னும் மரப்பட்டைபோலத்தான் இருந்தது. மெதுவாகத் தன் பக்கம் இழுத்தாள்.

கை வந்தது. அவள் பிடியைத் தளர்த்தியதும் அது திரும்பிப் போனது. போய், நெஞ்சருகில் நின்று, மறுபடி வந்தது.

"அவசரப்படாத. அவரு விடுற வரைக்கும் இரு" என்றாள் வேலாயி.

எதை அறுக்கிறார், எந்த மலையில் நிற்கிறார், மறுபக்கம் இருப்பது யாரென்று நினைத்திருக்கிறார், ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. தேத்தண்ணி ஆறி ஏடு கட்டியது. பன்னிரண்டு மணி பஸ் போயிருக்கும்.

இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. அவள் காத்திருந்தாள். ஒரு தடவை கை வர வெகுநேரமானது, வந்தது. அவள் இழுத்தாள், பிறகு மெல்ல விட்டுக்கொடுத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து இழுப்பு வரவில்லை.

றம்லத் சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டு வெளியே போனாள். வேலாயி ஈரத்துணியால் அவருடைய நெற்றியைத் துடைத்து, கண்களின் மேல் உள்ளங்கையை வைத்து எடுத்தாள்.

யசோதினி அந்தக் கையை விடவில்லை. தன் கையைச் சற்று முன்னால் நீட்டி, அவர் பக்கம் கொடுத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.